சோளப் பொத்தியில் தாய்ப்பங்கும் தந்தைப்பங்கும்: இருவழிக் கலப்பு செய்து கணக்குப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வித்து உருவாகும்போது தாய் கொடுத்த பரம்பரையலகுகளும் (மரபணுக்கள்) தந்தை கொடுத்தவையும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. சில அலகுகளில் தாய்வழிப் பிரதி மட்டும் இயங்கும், சிலவற்றில் தந்தைவழிப் பிரதி மட்டும். இதற்குப் பெற்றோர்ப் பதிவு என்று பெயர். இதைக் காட்ட வருகிற செயற்றிட்டங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: இரு வழியிலும் (ஒரு தடவை ஒரு வகை தாய், மறு தடவை மற்ற வகை தாய்) கலந்து, வேறுபாடு ஒன்றைக் கண்டவுடன் "பதிவு" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுத முன் கழிக்க வேண்டிய காரணங்கள் மூன்று இருக்கின்றன.

கீழே உள்ள ஒழுங்கு வன்னி மேட்டுக்காணியில், கிணற்றுத் தண்ணீரில் செய்யக்கூடியது. ஏழாம் படி வரை வயல். எட்டாம் படிக்கு அயடீன் போதும். பத்தாம் படிக்கு மட்டும் ஆய்வுகூடம் வேண்டும்.

1. வயலுக்குப் போக முன் கணக்கு

ஒரு சோள (மக்காச்சோள) மணியில் மூன்று வகை இழையம் இருக்கிறது. வெளித்தோல் (சுற்றுக்கனியம்) முழுக்கத் தாயின் உடல், தந்தைக்கு அதில் பங்கே இல்லை. முளையத்தில் தாய் ஒரு பங்கு, தந்தை ஒரு பங்கு. மணியின் பெரும்பகுதியான வித்தகவிழையத்தில் தாய் இரண்டு பங்கு, தந்தை ஒரு பங்கு. சூல்வித்தின் மத்திய கலத்தில் இரண்டு முனைவுக்கருக்கள் இருக்க, மகரந்தக் குழாயில் வரும் இரண்டு ஆண் புணரிகளில் (பாலணுக்களில்) ஒன்று அவற்றோடு சேர்வதால் இந்த 2:1 வருகிறது. மற்றப் புணரி முட்டையோடு சேர்ந்து முளையமாகிறது.

ஆகவே வித்தகவிழையத்தில் சமநிலை என்றால் 2:1. ஒன்றுக்கொன்று சமம் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பத்தாம் படியில் எல்லா முடிவும் தலைகீழாகப் போகும்.

இரு வகைச் சோளத்தை அ, ஆ என்று வைத்தால் நான்கு கலப்பு வேண்டும்: அ×அ, ஆ×ஆ, அ×ஆ, ஆ×அ. முதலில் எழுதுவது எப்போதும் தாய். முதலிரண்டும் ஒப்பிடும் அளவுகோல். அவற்றை விட்டுவிட்டுக் கலப்புகளை மட்டும் செய்தால் "வெளிர் மஞ்சள்" எதோடு ஒப்பிடும்போது வெளிர் என்று சொல்ல முடியாது.

2. ஏன் சோளம்

உழுந்து, பயறு, கச்சான் எல்லாம் வன்னியில் தாராளமாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு உதவாது. அவற்றின் வித்து முற்றும்போது முளையம் வித்தகவிழையத்தைத் தின்று முடித்துவிடும். கையில் மிஞ்சுவது வித்திலைகள், அதாவது 1:1 இழையம்.

நெல்லில் வித்தகவிழையம் நிலைத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பூவையும் நுனி வெட்டி, ஆறு மகரந்தக்கூட்டையும் எடுத்து, ஒவ்வொன்றாக மகரந்தமிட வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். சோளத்தில் ஆண்பூ உச்சியில், பெண்பூ இடுப்பில். ஒரு தடவை தூவினால் ஒரே பொத்தியில் நூற்றுக்கணக்கான மணி.

3. கையில் இருக்க வேண்டியவை

- மஞ்சள் மணிச் சோளம் ஒன்று. ருவன் போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை வகை நல்லது.
- அவித்துத் தின்கிற வெள்ளைப் பசைச் சோளம் ஒன்று.
- பொத்திக்குச் சிறிய கடதாசிப் பை, ஆண்பூவுக்குப் பெரிய கடதாசிப் பை, செடிக்கு ஒவ்வொன்று.
- ஸ்டேப்ளர், பென்சில், கூரான கத்தி, ஸ்பிரிட், தேநீர் வடி.
- பாமசியில் கிடைக்கும் அயடீன் கரைசல்.

பொலித்தீன் பை வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து, சூடேறி, மகரந்தம் ஒரு காலைக்குள் செத்துவிடும். பேனையால் எழுதினால் முதல் பனியிலேயே கரையும், ஆகவே பென்சில்.

விதைக்க முன் இரு வகையிலும் பத்து மணியைச் சுரண்டி, ஐந்து மடங்கு தண்ணீர் கலந்த அயடீனில் ஒரு துளி விடுங்கள். சாதாரணச் சோளம் கருநீலமாகும். பசைச் சோளம் செம்பழுப்பாகும், ஏனென்றால் அதன் மாப்பொருளில் அமைலோசு இல்லை. வெள்ளை வகை கருநீலமாக மாறினால் அது பசைச் சோளம் அல்ல. நிறத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் எட்டாம் படியின் அயடீன் சோதனை பயன்படாது.

கடையில் வாங்குவது கலப்பின விதையாக இருக்கலாம். நிறத்தையும் பசைத்தன்மையையும் மட்டும் பார்ப்பதென்றால் அது தடையல்ல. வெள்ளைப் பசைக் கலப்பினத்தின் பெற்றோர் இருவரும் வெள்ளையாகவும் பசையாகவும் இருந்தால்தான் மணி அப்படி வரும், அந்த இரண்டு இயல்பும் அதில் நிலையானவை. அலகு மட்டத்தில் எண்ணப் போகிறீர்கள் என்றால் கலப்பினம் உதவாது: ஒவ்வொரு மகரந்தமும் வேறு எதிருருவை (ஒரே அலகின் மாற்று வடிவத்தை) கொண்டுவரும், எது தாயுடையது எது தந்தையுடையது என்று பிரிக்க முடியாது. அதற்குப் பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்த தூய வழிகளே வேண்டும்.

4. போகமும் விதைப்பும்

பூக்கும் நாளைத் தீர்மானித்துவிட்டு விதைக்கும் நாளுக்குப் பின்னோக்கி வாருங்கள். ஐப்பசியில் விதைத்தால் கார்த்திகை மழைக்குள் பூக்கும். நனைந்த மகரந்தம் கட்டியாகும், கடதாசிப் பை கூழாகும். சித்திரையில் விதைத்தால் ஆனியில் பூக்கும். அப்போது கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) பையைக் கிழிக்கும், 35 பாகை செல்சியசைத் தாண்டும் வெயிலில் மகரந்தம் தாங்காது. தைப்பொங்கலை ஒட்டி விதைப்பதே இந்த வேலைக்குப் பொருத்தம். மாசி கடைசியில் பூக்கும், காலைப்பொழுது உலர்ந்தும் மிதமாகவும் இருக்கும். மழையை நம்ப முடியாத காலம், கிணறோ குளத்து வாய்க்காலோ கட்டாயம் வேண்டும். பூக்கும் வாரத்தில் தண்ணீர் தவறினால் பொத்தியின் பட்டு நூல் (பெண்பூவின் இழை) வெளிவரத் தாமதிக்கும், ஆண்பூவோ காத்திருக்காது.

இடைவெளி 60 × 30 செ.மீ., குழிக்கு ஒரு செடி. ஒவ்வொரு வகையையும் ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதையுங்கள். சோளத்தில் ஆண்பூ இரண்டு மூன்று நாள் முந்தும், வெள்ளை வகை பெரும்பாலும் மஞ்சளை விட முந்திப் பூக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தவருக்கு ஒரு திசைக் கலப்பு மட்டும்தான் கிடைக்கும். எதிர்த்திசை இல்லாவிட்டால் முழு வேலையும் வீண்.

இளம் செடியின் குருத்துக்குள் படைப்புழு இருக்கிறதா என்று வாரம் இருமுறை பாருங்கள். பை கட்டிய பிறகு உள்ளே புழு இருந்தால் வெளியே தெரியாது.

5. பை கட்டுதல்: நூல் தெரிய முன்

இலைக்கவட்டில் பொத்தி விரல் நீளம் தலைகாட்டியதும் சிறிய பையைக் கவிழ்த்து, அடியைத் தண்டோடு செருகுங்கள். ஒரு நூல் வெளியே வந்து அரைநாள் ஆனாலும் அந்தப் பொத்தியைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். காற்றில் அயல் மகரந்தம் எப்போதும் இருக்கும், ஒவ்வொரு நூலும் ஒரு மணி. "ஒன்றிரண்டு நூல்தானே" என்று விட்டது பின்பு பொத்தியின் அடியில் விளக்கமில்லாத மணிகளாக வரும். நூல்கள் அடியிலிருந்துதான் முதலில் நீளும்.

கலப்பில் தாயாக நிற்கும் செடிகளின் ஆண்பூவை, அது கொட்டத் தொடங்க முன் ஒடித்து எறியுங்கள். பை போட்டிருந்தாலும், பையைத் திறக்கும் அந்தச் சில வினாடியில் அதே செடியின் மகரந்தம் விழுவதே தவறுகளில் அதிகம். தந்தைக்கு வேறு செடிகளை ஒதுக்குங்கள்.

6. மகரந்தமிடும் நாள்

முதல் நாள் பின்னேரம் இரண்டு வேலை. ஒன்று, நூல் வெளிவந்து இரண்டு மூன்று நாளான பொத்தியின் நுனியை மடலோடு சேர்த்து, உள்தண்டில் படாமல் வெட்டி, பையைத் திரும்ப மாட்டுங்கள். இரவுக்குள் நூல்கள் இரண்டு மூன்று செ.மீ. ஒரே மட்டத்தில் வளர்ந்து தூரிகை போல நிற்கும், அதனால் பொத்தி முழுக்க மணி பிடிக்கும். இரண்டு, தந்தைச் செடியின் ஆண்பூவைப் பெரிய பையால் மூடி, அடியை மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்த அயல் மகரந்தம் இரவோடு உயிரிழக்கும். காலையில் பைக்குள் இருப்பது இந்தச் செடியின் புதிய மகரந்தம் மட்டுமே.

மறுநாள் பனி காய்ந்த பிறகு, எட்டரை முதல் பத்தரை மணிக்குள் முடியுங்கள். ஆண்பூவை வளைத்துப் பையைத் தட்டி, மகரந்தத்தைத் தேநீர் வடியில் அரித்து மகரந்தக்கூட்டுச் சக்கையை நீக்குங்கள். பொடியாகவும் வெளிர் மஞ்சளாகவும் இருந்தால் சரி. கட்டியாக இருந்தால் ஈரம், கொட்டிவிட்டு நாளை பாருங்கள்.

பொத்திப் பையைத் திறந்து, தூவி, உடனே பெரிய பையால் மூடி, தண்டோடு சுற்றி ஸ்டேப்ளர் அடியுங்கள். பையில் எழுத வேண்டியது: தாய், தந்தை, தேதி. ஒரு கலப்பிலிருந்து மறு கலப்புக்குப் போகும்போது கையையும் வடியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒரு காலையில் ஒரே தந்தை வகையோடு நின்றுகொள்வது இன்னும் பாதுகாப்பு. மஞ்சளும் வெள்ளையும் மாறி மாறித் தூவுகிறவர் பத்தாவது பொத்தியில் கட்டாயம் குழம்புவார்.

ஒவ்வொரு கலப்புக்கும் வெவ்வேறு செடிகளில் எட்டுப் பொத்தியாவது செய்யுங்கள். குரங்கும் கிளியும் தங்கள் பங்கை எடுக்கும்.

7. இரண்டு அறுவடை

அலகு மட்டத்தில் எண்ணப் போகிறவர்கள் மகரந்தமிட்டு 12 முதல் 14 நாளில் சில பொத்திகளை எடுக்க வேண்டும். அப்போது வித்தகவிழையம் பால்பதத்தில் இருக்கும், முளையத்தைத் தனியே பிரிக்கலாம். இதைவிட முந்தினால் தாயின் சூல்வித்து இழையம் இன்னும் மிச்சமிருந்து கலந்துவிடும்.

மற்றவற்றைச் செடியிலேயே முற்ற விடுங்கள். மடல் காய்ந்து, மணியைக் கழற்றினால் அடியில் கறுப்புப் படை தெரிய வேண்டும். பையோடு காயவையுங்கள். பையிலிருந்து எடுத்த பொத்தி அடையாளம் இழந்த பொத்தி.

8. மணியை வாசித்தல்

முதலில் வெள்ளைத் தாயின் பொத்தியைப் பாருங்கள் (வெள்ளை×மஞ்சள்). எல்லா மணியும் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். இடையில் ஒரு வெள்ளை மணி இருந்தால் அது வெள்ளை மகரந்தத்தால் வந்தது. இந்தப் பொத்தியே உங்கள் கைச்சுத்தத்தின் சோதனை. இருநூறு மணியில் ஒன்றிரண்டு என்றால் அவற்றை நீக்கிவிட்டுத் தொடரலாம். இருபது என்றால் அந்தப் பொத்தியை விடுங்கள்.

மஞ்சள் தாயில் (மஞ்சள்×வெள்ளை) இந்தச் சோதனை வேலை செய்யாது. மஞ்சளின் மூன்று பிரதியும் இரண்டு பிரதியும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே கலப்பு சரியா என்று அறிய, சில மணிகளை விதைத்துத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, அடுத்த பொத்தியில் நான்கில் ஒரு பங்கு வெள்ளை மணி பிரிகிறதா என்று பாருங்கள்.

நிறத்தை முழு மணியில் ஒப்பிடாதீர்கள். மணியை ஊறவைத்துத் தோலை உரித்து, உலர்த்தி, இடித்து, நான்கு கலப்பின் மாவையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மஞ்சள்×மஞ்சள் அடர்த்தி, மஞ்சள்×வெள்ளை சற்றுக் குறைவு, வெள்ளை×மஞ்சள் வெளிர், வெள்ளை×வெள்ளை நிறமில்லை. மஞ்சள் எதிருரு முறையே மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம். 2:1 கணக்கு கண்ணுக்கு முன் கிடப்பது இப்படித்தான்.

அயடீன் வேறு கதை சொல்லும். இரு திசைக் கலப்பிலும் மணியின் வெட்டுமுகம் கருநீலம்தான். அமைலோசு உண்டாக்கும் எதிருரு ஒரு பிரதி இருந்தாலே சாயம் ஏறப் போதும். ஒரே மணியில் ஒரு இயல்பு பிரதி எண்ணிக்கையைக் காட்டுகிறது, மற்றது மறைக்கிறது. ஆகவே "இரு திசையும் ஒன்றாக இருந்தது" என்பதை வைத்து 2:1 பொய் என்று முடிவு கட்டக்கூடாது.

9. வேறுபாடு கண்டால்: பதிவு என்று சொல்ல முன்

*தாயின் உடலா?* ஊதாச் சோளம் சிலவற்றில் நிறம் வெளித்தோலில் இருக்கும். அது எந்த மகரந்தம் போட்டாலும் மாறாது, தந்தைக்கு அங்கே இடமில்லை. தோலை உரித்தால் போய்விடும் வேறுபாடு இந்த வகை.

*தாய்ச் செடியின் ஊட்டமா?* பெரிய பொத்தித் தாய் பெரிய மணி தரும், சிறிய தாய் சிறிய மணி. மணி நிறையை வைத்துப் பதிவை வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் அளப்பது இதைத்தான்.

*பிரதி எண்ணிக்கையா?* மேலே பார்த்த மஞ்சள் இந்த வகை. இங்கே தாய்ப் பிரதி என்பதால் அதிகம் இயங்கவில்லை, இரண்டு பிரதி என்பதால் அதிகம். பதிவிலிருந்து இதைப் பிரிப்பதுதான் மிகக் கடினம், இருவழிக் கலப்பு மட்டும் போதாது.

இதைப் பிரித்துக் காட்டியது சோளத்தின் R1 என்ற அலகு. அதன் குறிப்பிட்ட ஓர் எதிருரு தாய்வழி வந்தால் மணியின் அலூரோன் படை (வித்தகவிழையத்தின் வெளிப்படை) முழு ஊதா, தந்தைவழி வந்தால் திட்டுத் திட்டாக ஊதா. இரண்டு பிரதி, ஒரு பிரதி என்ற வேறுபாடுதானே என்று கேட்கலாம். 1970இல் சோள மரபியலாளர் கெர்மிக்கிள் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் வைத்தது: நிறமூர்த்த இடமாற்றம் (ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு இன்னொன்றில் சேர்ந்திருப்பது) ஒன்றைப் பயன்படுத்தித் தந்தைவழியே இரண்டு பிரதி கொடுத்தும் மணி திட்டாகவே இருந்தது. எண்ணிக்கை காரணமாக இருந்திருந்தால் நிறம் நிரம்பியிருக்க வேண்டும். இந்த எதிருரு கடை விதையில் கிடைக்காது, சோள மரபியல் விதைச் சேமிப்பகங்களில்தான் பெறலாம்.

*உண்மையான பதிவு என்றால்* இன்னொரு அடையாளமும் இருக்கும்: தலைமுறைக்குத் தலைமுறை அது அழிக்கப்பட்டுத் திரும்ப எழுதப்படும். அ×ஆ, ஆ×அ இரண்டின் மணிகளையும் விதைத்துத் தன்மகரந்தச் சேர்க்கை செய்யுங்கள். அடுத்த தலைமுறையிலும் இரண்டுக்கும் வேறுபாடு தொடர்ந்தால் காரணம் பெரும்பாலும் பச்சையவுருமணி, இழைமணி போன்ற தாய்வழிக் குழியவுருவில் (கலத்தில் கருவுக்கு வெளியே உள்ள பகுதியில்) இருக்கிறது. பதிவு அப்படித் தொடராது.

10. அலகு மட்டத்தில் எண்ணுதல்

12 முதல் 14 நாள் பொத்தியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, மணியை அன்றே பிரித்துவிடுங்கள். ஒட்டுசுட்டானில் வெட்டின பொத்தியைப் பின்னேரம் கிளிநொச்சி அறிவியல்நகர் ஆய்வுகூடத்துக்குச் சாதாரணப் பையில் கொண்டுபோனால், எண்ண வேண்டிய ஆர்.என்.ஏ. (இயங்கும் அலகிலிருந்து எழும் நகல்) வழியிலேயே சிதைந்துவிடும். தோலை உரித்து, முளையத்தைக் கெல்லி எடுத்து, மிச்ச வித்தகவிழையத்தைக் கழுவி உடனே திரவ நைதரசனில் போடுங்கள். திசைக்கு மூன்று பொத்தி, மூன்றும் வேறு வேறு செடி.

தோலை அக்கறையாக நீக்கச் சொல்வது ஏன் என்றால், மாதிரியின் ஆர்.என்.ஏ.யில் 30 சதவீதம் தோலிலிருந்து வந்தால், பதிவே இல்லாத அலகிலும் தாய்ப்பங்கு 67 சதவீதத்திலிருந்து 77 ஆகத் தெரியும். தோலில் மட்டும் இயங்கும் அலகு நூறு சதவீதம் தாய்வழி போல வரும். புதியவர்களின் பட்டியலில் தாய்வழி அலகுகள் குவிந்து கிடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கத்தி பிடித்த கையை.

இனி வாசிப்பு. இவை கணக்கைக் காட்ட எழுதிய எண்கள், ஓர் அலகுக்கு 300 ஆர்.என்.ஏ. துண்டு வாசித்து, அ எதிருருவிலிருந்து எத்தனை, ஆவிலிருந்து எத்தனை என்று பிரித்ததாக வைப்போம்:

- அ×ஆவில் அ 203, ஆ 97. ஆ×அவில் அ 99, ஆ 201. இரு திசையிலும் தாய் 2:1. பதிவு இல்லை.
- அ×ஆவில் அ 290, ஆ 10. ஆ×அவில் அ 12, ஆ 288. தாய்வழி அலகு.
- அ×ஆவில் அ 275, ஆ 25. ஆ×அவில் அ 220, ஆ 80. தாயானாலும் தந்தையானாலும் அ முந்துகிறது. வகையின் வேறுபாடு, பதிவு அல்ல. ஒரு திசை மட்டும் செய்தவர் இதைத் தாய்வழி என்று எழுதியிருப்பார்.
- இரு திசையிலும் 150, 150. இதைச் சமம் என்று தாண்டிவிடுகிறார்கள். 200:100 வர வேண்டிய இடத்தில் 150:150 என்றால் கைவர்க்கப் பெறுமானம் (எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் எண்) 37.5, தற்செயல் என்று விடக்கூடிய எல்லையோ 3.84. இது தந்தைப் பக்கம் சாய்ந்த அலகு.

அதே அலகுகளை முளையத்திலும் எண்ணுங்கள். அங்கே எதிர்பார்ப்பு 1:1. பதிவு அலகுகள் பெரும்பாலும் வித்தகவிழையத்தில்தான் இருப்பதால், முளையத்திலும் அதே சாய்வு தெரிந்தால் மாதிரிகள் கலந்திருக்கலாம்.

11. பதிவு எங்கே எழுதப்படுகிறது

கருக்கட்டலுக்கு முன்னரே. மத்திய கலத்தில் டிமீட்டர் என்ற நொதியம் டி.என்.ஏ.யில் உள்ள மெதைல் குறிகளைச் சில இடங்களில் நீக்குகிறது. ஆண் புணரியில் அந்தக் குறிகள் நிலைக்கின்றன. மெதைல் அடைத்து வைத்திருந்த அலகு இப்போது தாய்ப் பிரதியில் மட்டும் திறக்கும், அது தாய்வழி அலகு.

தந்தைவழி அலகில் ஒழுங்கு மாறும். குறி நீங்கிய தாய்ப் பிரதியில் பொலிகோம்ப் என்ற புரதக் கூட்டம் வந்து அமர்ந்து அதை மூடிவிடுகிறது. தந்தைப் பிரதியில் மெதைல் இருப்பதால் அதற்கு இடம் கிடைப்பதில்லை, அந்தப் பிரதி இயங்குகிறது. இவை அரபிடோப்சிசில் (ஆய்வுகூடங்களில் வளர்க்கும் சிறிய கடுகினச் செடி) நன்கு விளங்கியவை. சோளத்தில் R1ஐத் தாய்ப்பக்கம் திறப்பதும் இதே குடும்ப நொதியம்தான். தாயில் அது பழுதானால், தாய்வழி வந்த R1 கூடத் திட்டாக வரும்.

12. சமநிலையை உடைத்துப் பார்த்தல்

மும்மடிய (நிறமூர்த்தத் தொகுதி மூன்று கொண்ட), விதையில்லா வத்தகப்பழ விதை உண்டாக்க நான்மடியச் செடி தாயாக, இருமடியச் செடி தந்தையாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் முளைக்கக்கூடிய விதை கிடைப்பதில்லை. முளையம் இரு திசையிலும் மும்மடியம்தான். மாறுவது வித்தகவிழையம்: முதல் திசையில் தாய் 4, தந்தை 1, எதிர்த்திசையில் 2:2.

பொதுவாகத் தந்தைப்பங்கு மிஞ்சினால் வித்தகவிழையம் கலச்சுவர் எழுப்பாமல் கருக்களைப் பெருக்கிக்கொண்டே போகும், தாய்ப்பங்கு மிஞ்சினால் முந்தியே சுவர் எழுப்பிச் சிறிய வித்தாக நிற்கும். அரபிடோப்சிசு இரண்டையும் ஓரளவு தாங்கும். சோளம் தாங்காது, 2:1 தவறிய மணி பெரும்பாலும் சூம்பிப்போகும். ஆகவே சோளத்தில் மடியம் மாறிய கலப்பைச் செய்கிறவர்கள் முற்றிய மணிக்குக் காத்திருக்காமல் பத்து நாளிலேயே சில பொத்திகளைத் திறந்து பார்க்க வேண்டும். முற்றிய பொத்தியில் சூம்பிய மணியும் மகரந்தம் படாத இடமும் ஒன்றுபோலத் தெரியும். இளம் பொத்தியில் முதலாவது வீங்கத் தொடங்கியிருக்கும், இரண்டாவது தட்டையாகவே கிடக்கும்.